ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே

எங்கள் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் இருந்த சுவர்க் கடிகாரத்தை மூன்று முழம் தள்ளி மாட்டுவதற்கு நான்கு நாள் ஆயிற்று. மத்தியான வெயில் சன்னல் வழியாக வந்து அதன் கண்ணாடியில் பட்டு நேரே என் கணினித் திரையில் அடித்தது. அதற்காகத்தான் மாற்ற நினைத்தேன். கீழே காவலரிடமிருந்து சுத்தியல் வாங்கி வந்து ஸ்டூலில் ஏறி நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே."

"யார்ட்ட சேச்சி கேக்கணும்? கடியாரம்தானே."

"அதைப் பாக்கறவாள்ட்ட."

சொல்லிவிட்டு அவரே கிளம்பிவிட்டார். முதல் நாள் எங்கள் வரிசை. இரண்டாம் நாள் கணக்குப் பிரிவு. மூன்றாம் நாள் காவலர்கள். நான்காம் நாள்தான், கீழே புல்தரையில் களை பிடுங்கும் இரண்டு பெண்கள் அந்தக் கடிகாரத்தைச் சன்னல் வழியே அண்ணாந்து பார்த்துத்தான் சாப்பாட்டுக்கு உட்காருகிறார்கள் என்பது தெரியவந்தது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்கள். கடைசியில் தூண் ஒன்றில் மாட்டினோம். என் திரையில் வெயில் அடிக்கவில்லை. அவர்களுக்கும் மணி தெரிந்தது. சேச்சி கைப்பையிலிருந்து சிறு நோட்டு ஒன்றை எடுத்து எதையோ அடித்துவிட்டு இடத்துக்குப் போனார்.

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் அலுவலகங்கள் ஒவ்வொன்றாக வந்து கொண்டிருந்த காலம். இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள். நான் நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் போய்வந்தேன். சேச்சி கரமனையில் அக்ரஹாரத் தெருவில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். கிழக்கேகோட்டையில் பஸ் மாறி வருவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மலையாளிகள் எல்லோரும் அவரைச் சேச்சி, அதாவது அக்கா, என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நாகர்கோவில், இங்க வாங்கோ" என்பார். அலுவலகத்தில் பாதிப் பேர் அவருக்கு ஊர்ப் பெயர்கள்தான். அவர் பெயரை நான் இங்கே எழுதாததை அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். எழுதலாமா என்று கேட்டிருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பார்.

கேட்பதுதான் அவர். எதை மாற்றுவதென்றாலும், அந்த மாற்றம் யார்மேல் போய் விழுமோ அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டாக வேண்டும். கேன்டீனில் வெள்ளிக்கிழமைகளில் போடும் புளிசேரி மோர்க்குழம்பை நிறுத்தப் போவதாகச் சொன்னபோது, அதைத் தின்னாதவர்களிடம்கூடக் கேட்டார். தின்பவர்கள் வரிசையில் நிற்கும்போது இவர்களுக்கு இடம் கிடைக்கிறதே, நிறுத்தினால் கூட்டம் இந்தப் பக்கம் வருமே என்பது அவர் கணக்கு. வீட்டு முருங்கையை வெட்டுவதற்கு முன் மூன்று வீடு தாண்டி இருந்தவரைக் கேட்டதாக ஒருநாள் சொன்னார். அந்த வீட்டுக்காரர் மரத்து அணிலைப் பார்த்துக்கொண்டுதான் காப்பி குடிப்பாராம்.

இது எப்போதும் இனிமையாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை வாடிக்கையாளர் ஒருவரிடம், நாங்கள் செய்துவைத்திருந்த திரையில் ஒரு கட்டத்தை நகர்த்தலாமா என்று கேட்கப் போக, அவர் பதினான்கு கோரிக்கைகள் எழுதி மேலாளருக்குக் கடிதம் போட்டுவிட்டார். வசை எனக்கு விழுந்தது. ஏனென்றால் குழுவுக்குப் பொறுப்பு நான்.

அந்தப் பொறுப்பு எனக்கு வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அது அவருக்கு வரவேண்டியது. மேலாளர் அவரைத்தான் கூப்பிட்டுச் சொன்னார். சேச்சி ஒருநாள் அவகாசம் வாங்கிக்கொண்டு, குழுவில் இருந்த ஆறு பேரையும் தனித்தனியே வராந்தாவுக்கு அழைத்துப் போய், "நான் தலைமைக்கு வந்தா உங்களுக்கு ஏதானும் சங்கடம் உண்டோ?" என்று கேட்டார். ஐந்து பேர் இல்லையென்றார்கள். எனக்கு அந்த இடத்தின்மேல் ஆசை இருந்தது. என்ன தோன்றியதோ, மறைக்காமல், "உண்டு" என்றேன். "சொன்னது நன்னாச்சு" என்றார். மறுநாள் மேலாளரிடம் போய் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். சேச்சிதான் முதலில் கைகொடுத்தார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவரிடம் அதைப் பற்றிப் பேசாமலே ஒரு வருடம் கழித்தேன்.

எங்கள் நிறுவனம் நடத்தியது பயணத் தகவல் சேவை. ஊரிலுள்ள லாட்ஜுகளிலும் டிராவல்ஸ்காரர்களின் மேசைகளிலும் ஒரு கணினி இருக்கும். அது தொலைபேசிக் கம்பி வழியாக எங்கள் கணினியைக் கூப்பிட்டு, இந்த ரயில் எத்தனை மணிக்கு வரும், தாமதமா, எந்தப் பிளாட்பாரம் என்று கேட்கும். எங்களுடையது பதில் சொல்லும். இப்படித் தூரத்தில் இருக்கும் ஒரு கணினியிடம் வேலையைச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதற்கான நிரல்களை ஒரு தொகுப்பாக எழுதி வைத்திருந்தோம். லைப்ரரி என்போம். யார் வேண்டுமானாலும் அதை எடுத்துத் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளலாம். எந்த வார்த்தையில் கேட்க வேண்டும், எந்த வடிவத்தில் பதில் வரும் என்பது அதில் வரையறுத்திருக்கும். இரு தரப்புக்கும் இடையிலான ஒப்பந்தம் மாதிரி.

அந்த ஒப்பந்தம் பழசாகிப் போயிருந்தது. எங்கள் கணினி பதில் சொல்லாவிட்டால் கேட்ட கணினி காத்துக்கொண்டே கிடக்கும். லாட்ஜ்காரர் திரையைத் தட்டுவார், பிறகு எங்களைத் திட்டுவார். பதிலும் ஒரே நீள வரியாகப் போகும். அதிலிருந்து பிளாட்பாரம் மட்டும் வேண்டுமென்றால் வரியை வெட்டி எடுக்க வேண்டும். இந்த அழைப்பு முறையைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்று கேட்பவரே சொல்லலாம், பதில் தனித்தனிப் பகுதிகளாக வரும். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று புது வடிவத்தில் லைப்ரரியை வாங்கத் தயாராக இருந்தது. மேலாளர் மூன்று வாரம் கொடுத்தார். பழையதை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்பதும் அவர் உத்தரவு. இரண்டையும் சுமந்துகொண்டு திரிய முடியாது என்றார்.

எழுதும் வேலை சேச்சிக்கு. எட்டே நாளில் முடித்தார். அவ்வளவு சுத்தமான நிரலை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை. முடித்துவிட்டு, தொலைபேசியை இழுத்து வைத்துக்கொண்டார்.

"பதினோரு கஸ்டமருக்கும் மெயில் போட்டாச்சுலா" என்றேன்.

"போட்டாச்சு. படிச்சாளா?"

ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். ஒருவர் திரை முழுக்கப் பச்சையாக இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். இன்னொருவர் தன் மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று முக்கால் மணி நேரம் பேசினார். வேறொருவர், "எதை வேணுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், ஊண் நேரத்தில் மட்டும் கூப்பிடாதீர்கள்" என்று வைத்துவிட்டார். எல்லாம் அந்தச் சிறு நோட்டில் ஏறியது. பதினோராவது ஆளும் சரி என்று சொன்ன பிறகு, முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். சேச்சி எங்கள் கணினிக்கு வரும் அழைப்புகளின் பதிவைத் திறந்து ஒரு மாதத்தை வரி வரியாகப் படித்தார்.

"நாகர்கோவில், நம்மகிட்ட எத்தனை கஸ்டமர்?"

"பதினொண்ணு."

"பன்னெண்டு பேர்னா கேக்கறா."

பன்னிரண்டாவது எண் ஒரு தம்பானூர்த் தொலைபேசி. தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு முதல் அழைப்பு. பிறகு இரவு ஒன்பது வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. ரயிலைப் பற்றி மட்டும்தான் கேள்வி. ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஞாயிறும் இல்லை, ஓணமும் இல்லை. எங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் அப்படியொரு எண் கிடையாது. அந்த எண்ணைக் கூப்பிட்டால் எப்போதும் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். தொலைபேசி இலாகாவில் விசாரித்ததில், ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்திலுள்ள ஏதோ எஸ்டிடி பூத் என்று மட்டும் தெரிந்தது.

"யாரோ களவா எடுக்கான். பழச நிறுத்துனா தானா நின்னுரும்" என்றேன்.

"அதாக்கும் எனக்குப் பயம். நின்னுடுமே" என்றார் சேச்சி.

மறுநாள் மத்தியானம் இருவரும் தம்பானூருக்கு பஸ் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது. நகருக்குள் நெரிசலில் பஸ் ஊர்ந்தபோது, ஒரு வருடமாகத் தொண்டையில் கிடந்ததை எப்படியோ சொல்லிவிட்டேன்.

"சேச்சி, அன்னைக்கு நான் உண்டுன்னு சொன்னது ஆசையில சொன்னது. சங்கடம்லாம் ஒண்ணும் கிடையாது."

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டேன், சொன்னேள். கேட்டுட்டு, பதில் பிடிக்கலைன்னா தள்ளிட முடியுமா? அப்புறம் என்னத்துக்குக் கேக்கறது?" என்றார். கொஞ்சம் கழித்து, "எனக்கும் ஆசை இருந்தது கேட்டேளா" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரை நேராகப் பார்ப்பது எனக்குச் சிரமமாக இல்லை.

ரயில் நிலையத்துக்கு எதிரே லாட்ஜுகள் அடைந்துகிடக்கும் சந்தில் ஐந்தாறு எஸ்டிடி பூத்துகள் இருந்தன. எந்த பூத் என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஒன்றின் முன்னால் மட்டும் பெட்டியும் பையுமாகப் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். உள்ளே ஒரு ஒலிபெருக்கி இங்கிலீஷ்காரன் குரலில் எதையோ வாசித்தது. "நேகர் காயில் பாசஞ்சர். லேட் பை தர்ட்டி மினிட்ஸ்." சிலர் சிரித்தார்கள். கல்லாவில் இருந்தவர் அதை நாகர்கோவில் என்று திருத்தித் திருப்பிச் சொன்னதும், கூட்டத்தில் ஒருவர், "அப்போ ஒரு சாயா குடிக்கலாம்" என்று பையோடு நகர்ந்தார்.

கல்லாவில் இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கண் தெரியாது. ஒரு கை தொலைபேசி மீட்டர்மேல் இருந்தது. இன்னொரு கை பக்கத்திலிருந்த பழைய கணினியின் விசைப்பலகையில், ஒரே ஒரு விசைமேல். அந்த விசையில் சிறு துண்டு ரப்பர் ஒட்டியிருந்தது.

சேச்சி தமிழில் பேச்சைத் தொடங்கியதும் அவர் முகம் விரிந்தது. தென்காசிக்காரர். திருவனந்தபுரம் வந்து பதினைந்து வருடம். எதிர் லாட்ஜில் தங்கியிருந்த ஒரு இஞ்சினியர் தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் பேச வருவாராம். எங்கள் நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவர், எனக்கே லேசாக நினைவிருந்தது.

"அவுகதான் தாயி மூணு வருசத்துக்கு முந்தி இத மாட்டிக் குடுத்தது. நான் இங்க இருந்துக்கிட்டே ரயில் சத்தத்த வச்சு, இன்ன வண்டி வந்துட்டுன்னு சனங்களுக்குச் சொல்லுவேன். அண்ணாச்சி, நீங்க வந்த பொறவுதான் சொல்லுதிய, வாறதுக்கு முந்தியே சொல்லணும்னாவ. இந்த மெசினக் கொண்டாந்து வச்சாவ. கம்பெனில சொல்லிட்டேன்னாவ. பொறவு துபாய்க்குப் போயிட்டாவ."

அவர் கம்பெனியில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நானும் சேச்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சேச்சி மறைக்கவில்லை. பதில் வரும் முறை மாறப் போகிறது, மாறினால் இந்த இயந்திரத்துக்கு அது புரியாது, வண்டி எண்ணை மட்டும் வாசித்துவிட்டு நின்றுவிடும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். பூத்காரரின் கை ரப்பர் ஒட்டிய விசையிலிருந்து விலகி மடியில் வந்து உட்கார்ந்தது.

"அப்ப நான் என்ன செய்யட்டும்?" என்றார். கோபமாக இல்லை. வழி கேட்பவர் மாதிரிதான் கேட்டார். "இவ்வளவு பேரும் இதுக்குத்தான் இங்க வாறாவ. வந்த எடத்துல ஒரு போனும் பேசிட்டுப் போவாவ."

"நிக்காது. நான் பாத்துக்கறேன்" என்றார் சேச்சி. அவர் யாருக்கும் அப்படி வாக்குக் கொடுத்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மறுநாள் மேலாளர் அறையில் அந்த வாக்குக்குச் சோதனை வந்தது. சேச்சி நடந்ததையெல்லாம் சொன்னார். பழைய அழைப்பையும் வைத்துக்கொள்ளலாம், உள்ளே அது புதியதைக் கூப்பிட்டுப் பதிலை ஒரே வரியாகக் கோத்துக் கொடுத்துவிடும், இரண்டு நாள் வேலைதான் என்றார். மேலாளர் முதல் பாதியிலேயே நின்றுவிட்டார்.

"அப்போள் மூணு கொல்லமாயிட்டு ஒராள் நம்மோடு சோதிக்காதெ எடுக்குகயாணோ?"

மூன்று வருடமாக ஓர் ஆள் கேட்காமல் எடுத்துக்கொண்டிருக்கிறான், அவனுக்காக நான் பழையதைச் சுமக்க வேண்டுமா, வெள்ளிக்கிழமையே அந்த எண்ணைத் தடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கோப்பைத் திறந்துகொண்டார். நான் ஏதாவது பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

வெளியே வந்ததும் சேச்சி வராந்தாக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"கேக்காம இருந்திருந்தா அவர் யாருன்னே தெரிஞ்சிருக்காது. இன்னும் ஒரு வாரமானும் ஓடியிருக்கும். நான் போய்க் கேட்டு, நானே காட்டிக் குடுத்துட்டேன்."

"கேக்காம இருந்தா ஒரு வாரம் கழிச்சு ஒரு நாள் காலம்பற சத்தமில்லாம நின்னிருக்கும் சேச்சி. ஏன் நின்னுச்சுன்னுகூட அவருக்குத் தெரிஞ்சிருக்காது" என்றேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அவரோடு இருந்து இருந்து எனக்கே அப்படித் தோன்ற ஆரம்பித்திருந்தது.

அவர் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். "இன்னும் ஒரு தடவை கேட்டுப் பாக்கறேன்" என்று தொலைபேசியிடம் போனார்.

அதே பதினோரு பேர். இந்தத் தடவை கேள்வி வேறு. அந்தச் சந்தில் ரயில் நேரம் சொல்லும் பூத் நின்றுபோனால் உங்களுக்கு ஏதாவது கஷ்டம் உண்டா? மூன்று பேர் அதைக் கேள்விப்பட்டதில்லை. நான்கு பேர் கேள்விப்பட்டிருந்தார்கள், அவர்களுக்கு நஷ்டமில்லை. மற்ற நான்கு பேர் தங்கள் வாடிக்கையாளர்களைத் தாங்களே அங்கே அனுப்புகிறவர்கள். அதிலொருவர் பூத்துக்கு எதிர் லாட்ஜின் முதலாளி. அவர் சொன்னதை சேச்சி எங்களுக்கு அப்படியே நடித்துக் காட்டினார். "என்டே ரிசப்ஷனிலே கம்ப்யூட்டர் எப்போழும் உறக்கமாணு. ஞான்கூட அயாளோடாணு சோதிக்குந்நது." அவருடைய கணினி எப்போதும் தூங்கிக் கிடக்குமாம், அவரே எழுந்துபோய் பூத்காரரிடம்தான் கேட்பாராம்.

சேச்சி எங்கள் ஒப்பந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு வாடிக்கையாளரும் மூன்று கவுன்ட்டர்வரை வைத்துக்கொள்ளலாம். லாட்ஜ் முதலாளி ஒன்றுதான் வைத்திருந்தார். பூத்தை உங்கள் இரண்டாவது கவுன்ட்டராகச் சேர்த்துக்கொள்வதில் சங்கடம் உண்டோ என்று சேச்சி கேட்டார். அன்று சாயங்காலமே லாட்ஜின் கடிதத்தாளில் கையெழுத்தோடு பதில் வந்தது.

வியாழக்கிழமை அந்தக் கடிதத்தை நான் கொண்டுபோய் மேலாளர் மேசையில் வைத்தேன். இந்தத் தடவை சேச்சியைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவர் இரண்டு முறை படித்தார்.

"பழையதையும் வைக்க இரண்டு நாள்தானா?"

"ஆமா சார்."

"வெளிநாட்டுக்காரர்களுக்குத் தாமதமானால் யார் உத்தரவாதம்?"

"நான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், தலையாட்டினார். பின்னால் அந்த வெளிநாட்டு நிறுவனத்தோடு பேசியபோது, பழைய முறையில் கேட்பவர்களுக்கும் எங்கள் லைப்ரரி பதில் சொல்லும், நாங்கள் ஆரம்பத்திலேயே அப்படித்தான் திட்டமிட்டோம் என்று அவர் பெருமையாகச் சொன்னதை நானும் சேச்சியும் எதிரில் உட்கார்ந்து கேட்டோம். அவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. சேச்சி மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

ஆனால் சேச்சிக்கு அத்தோடு திருப்தியில்லை. பூத்காரரைக் கூப்பிட்டு, எப்படியும் கை வைக்கிறோம், உங்களுக்கு ஏதாவது மாற்றம் வேண்டுமா என்று கேட்டார். இந்த ஆட்கள் மூன்று வருடத்தில் ஒருமுறைகூட என்னைக் கேட்டதில்லையே என்று அவர் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் தாயி. ஊர்ப் பேரச் சரியாச் சொல்லச் சொல்லுங்க. நேகர் காயில்னு அது சொல்லும்போது வந்த சனம் சிரிக்கி. நான் ஒவ்வொரு தடவையும் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கு."

புதிய முறையில் பதில் பகுதி பகுதியாகப் போவதால் அதற்கு இடமிருந்தது. எழுதுவதற்கு ஒரு பெயர், சொல்லுவதற்கு ஒரு பெயர் என்று தனித்தனியாக அனுப்பலாம். இயந்திரத்துக்கு இங்கிலீஷ் உச்சரிப்பு மட்டும்தான் தெரியும். ஆகவே அது தப்பாக வாசித்து, அந்தத் தப்பு சரியாக விழும்படி எழுத்துக்களைக் கோக்க வேண்டும். அதே குரலை ஒரு கணினியில் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அந்த இரண்டு நாள் மாதிரி அலுவலகத்தில் நான் சிரித்ததே இல்லை. நெய்யாற்றின்கரை முதலில் 'நெய் அட்டின் கேரா' என்று வந்தது. பாறசாலை 'பாரிஸ் சாலா' ஆயிற்று. இரணியலை அது 'எர்ரா நீல்' என்று ஏதோ வெள்ளைக்காரனின் பெயர்போலச் சொன்னது. கணக்குப் பிரிவிலிருந்து எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். அவரவர் ஊருக்கு அவரவர் எழுத்துக் கூட்டினார்கள். காயங்குளத்துப் பெண் ஒருத்தி தன் ஊரைச் சரியாகச் சொல்ல வைத்ததும் மேசையைத் தட்டி எழுந்து நின்றாள். நாகர்கோவிலை நான் பதினேழு விதமாக எழுதிப் பார்த்தேன். பதினெட்டாவதில் வந்தது. ஓர் இங்கிலீஷ்காரன் எங்கள் வடசேரிச் சந்தையில் நின்று வாழைக்குலைக்கு விலை கேட்டால் எப்படிச் சொல்வானோ அப்படிச் சொன்னது.

குழித்துறைதான் கடைசிவரை மசியவில்லை. 'ழ' அந்த இயந்திரத்தின் வாயில் எந்த வழியிலும் வரவில்லை. சேச்சி தொலைபேசியில் பூத்காரரைப் பிடித்தார்.

"ழ வரமாட்டேங்கறது. ள போறுமா? கேக்கறவா தப்பா நெனைப்பாளோ?"

அவர் சொன்ன பதிலைச் சேச்சி ரிசீவரை எங்கள் பக்கம் நீட்டிக் கேட்க வைத்தார். "எங்க ஊர்லயே பாதிப் பேருக்கு வராது தாயி. ள இருக்கட்டும். நம்மாளுன்னு நெனச்சுக்கிடுவாவ."

மாற்றத்தை ஒரு சனிக்கிழமை காலையில் வைத்துக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் புதிய லைப்ரரியை முந்தின நாளே ஏற்றியிருந்தோம். பழைய அழைப்பு அதன்மேல் எந்தக் குறையுமில்லாமல் ஓடியது. பதினோரு பேருக்கும் ஒன்றும் நின்றுபோகவில்லை, பூத்தும் நிற்கவில்லை. சேச்சி கொடுத்த வாக்கு அப்போதே நிறைவேறிவிட்டது. மீதியிருந்தது ஊர்ப்பெயர்கள் மட்டும்தான். அதற்கு பூத் கணினியிலும் புதிய புரோகிராமை ஏற்ற வேண்டும்.

நான் முதல் வண்டியில் வந்து இறங்கினேன். சேச்சி எனக்கு முன்பே வந்து, பூத் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பிளாப்பி டிஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். மேலாளரும் வந்திருந்தார். எங்களோடு சேராமல், பத்து அடி தள்ளிப் பத்திரிகைக் கடையில் தலைப்புச் செய்தி படிப்பவர் மாதிரி நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. லாட்ஜ் முதலாளி மட்டும் அவர் கையில் ஒரு சாயாக் கிளாஸைக் கொடுத்துவிட்டு வந்தார்.

டிஸ்க்கை உள்ளே தள்ளுவதற்கு முன், "போட்டுடலாமா?" என்று சேச்சி கேட்டார்.

"போடுங்க தாயி."

நான்கு நிமிடம் கணினி முனகியது. அந்த நான்கு நிமிடமும் பூத்காரர் அதன் உடம்பில் கை வைத்துக்கொண்டே இருந்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு ரப்பர் ஒட்டிய விசையைத் தொட்டார். மோடம் கீச்சிட்டது. எங்கள் கணினியிலிருந்து பதில் வந்தது.

"நாகர்கோவில் பாசஞ்சர். ட்வெல்வ் மினிட்ஸ் லேட்."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. மூட்டையோடு நின்ற ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "பன்னெண்டு நிமிசம் லேட்டாம், உக்காருட்டி" என்று சொல்லி மூட்டையைக் கீழே இறக்கினாள். யாரும் திருப்பிச் சொல்லவில்லை, யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அவளுக்கு அப்படியே புரிந்துவிட்டது.

பூத்காரர் இன்னொரு முறை விசையைத் தொட்டார். பிறகு இன்னொரு முறை. எந்த வண்டிக்கும் யாரும் கேட்காமலே, ஒவ்வொரு ஊராகச் சொல்ல வைத்தார். நெய்யாற்றின்கரை. பாறசாலை. குளித்துறை. இரணியல். வடக்கே கொல்லம், காயங்குளம். ஒவ்வொரு ஊருக்கும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டு, சரி என்பதுபோல அசைத்தார். எழுந்து கையை நீட்டி, ஒலிபெருக்கியைத் தடவிப் பிடித்து, தெருப் பக்கமாகத் திருப்பி வைத்தார். சந்தில் போனவர்கள் நின்றார்கள். தங்கள் ஊர் வந்ததும் சிலர் நடந்தார்கள். அந்த நேரத்தில் ரயில் எதுவும் இல்லாதவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். பத்திரிகைக் கடையில் மேலாளர் காகிதத்தை மடித்துவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேச்சி நோட்டைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி, பூத்துக்குள் தலையை நீட்டினார்.

"சத்தம் இப்படி இருக்கட்டுமா, இல்லை கொஞ்சம் கொறைக்கணுமா? பக்கத்துக் கடைக்காராள்ட்டயும் ஒரு வார்த்தை..."

பூத்காரர் விசையிலிருந்து கையை எடுக்காமல், முகம் முழுக்கச் சிரிப்போடு சொன்னார்.

"இன்னைக்கு ஒரு நாள் யாரையும் கேக்காதீங்க தாயி. பாடட்டும்."

சேச்சி பேனாவை மூடி, நோட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றுகொண்டார்.